பூக்கோசு வீட்டு மொட்டைமாடி

விரிசலை மட்டும் எடுத்தால் போதும் என்று கனகவேணியம்மா கீழேயே சொல்லிவிட்டார். மஸ்கட்டில் இருக்கும் மகன் கேட்கிறானாம், மாடியில் எங்கெங்கே வெடித்திருக்கிறது, எங்கெங்கே காரை பெயர்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பூச்சு வேலையைப் பற்றிப் பேசுவானாம். சரி, விரிசல்தானே என்று தலையாட்டினேன். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்தே தலை நரைத்தவனுக்கு விரிசல் எடுப்பதா கஷ்டம், சுவர் அசையப் போவதில்லை, கண்ணைச் சிமிட்டப் போவதில்லை, படத்தைப் பார்த்துவிட்டு நான் இவ்வளவு கறுப்பா என்று கேட்கப் போவதுமில்லை. மாடிப்படி அறையின் தகரக் கதவைத் தள்ளியதும் காற்று முகத்தில் அறைந்தது. ஆடிக் காற்று, மேற்கே மலையிலிருந்து இறங்கிப் போடி ஊரையே கிழக்கே தள்ளிக்கொண்டு போகிற காற்று, அதோடு ஊசி ஊசியாகக் கொஞ்சம் சாரல். கேமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தரையில் விரிசலைத் தேடினேன், தேடிப் போன கண் ஒரு நாயின் மேல் நின்றுவிட்டது. சுண்ணாம்புக் காரையில் செய்த நாய், கைப்பிடிச் சுவரின் மூலையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டு தெருவைப் பார்க்கிறது, நாக்கு ஒரு முழத்துக்கு வெளியே நீண்டிருக்கிறது, நாக்கின் நடுவில் ஒரு பள்ளம். மழைத் தண்ணீர் விழுவதற்கான தூம்பு அது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மாடியில் விழுகிற மழையெல்லாம் நாயின் கழுத்துக்குள் புகுந்து நாக்கு வழியாகத் தெருவில் ஒழுகும். மழைக்காலத்தில் இந்தத் தெருவில் எத்தனையோ தடவை குடையோடு போயிருக்கிறேன், தலையில் கொட்டியது ஒரு நாயின் எச்சில் என்று தெரியாமலே. சிரிப்பு வந்தது. தனியாக நின்று சிரிக்கிறோமே, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றும் தோன்றியது, சிரிப்பு வரும்போதெல்லாம் கூடவே வருகிற நினைப்புதான் அது. முதல் படத்தை எடுத்துவிட்டேன். விரிசல் இல்லை, நாக்கு.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சுருளியாண்டி மேஸ்திரி வருவதற்குள் விரிசலை எடுத்து முடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு, அவர் வந்து இடிக்க வேண்டியதை இடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வைக்க மேடை கட்டப் போகிறார். ஆனால் நாய்க்கு அந்தப் பக்கம் கோவேறு கழுதைகள் வந்துவிட்டன. கைப்பிடிச் சுவர் படிப்படியாக உயர்ந்துகொண்டே போகிறது, ஒவ்வொரு படியிலும் ஒரு கழுதை, முதுகில் ஏலக்காய் மூட்டை, மலையேறுகிறதாம். கடைசிக் கழுதை மட்டும் ஏறவில்லை. பின்னங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டது, மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது, அதன் முகத்தில் உள்ள அலுப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன், ஆமாம், கல்யாண மண்டபங்களில் மூன்றாவது பந்தி பரிமாறுகிறவர்களின் முகம். இந்த வீட்டைக் கட்டியவர் ஏலக்காய் வியாபாரி, கனகவேணியம்மாவுடைய மாமனாரின் அப்பா, கழுதைகளோடு மலைக்குப் போய்வந்தே பணக்காரர் ஆனவர், இந்த உட்கார்ந்த கழுதை அவருக்குத் தெரிந்த கழுதையாகத்தான் இருக்கும். அவர் சொல்லிச் செய்ததா, கொத்தனார் தானாகச் செய்ததா, செய்து முடித்து ஏணியிலிருந்து இறங்கியபோது இரண்டு பேரும் சிரித்தார்களா. நான் முழங்கால் போட்டு எடுத்தேன், படுத்து எடுத்தேன், வேட்டியெல்லாம் பாசி. மனைவி கேட்பாள், விரிசல் எடுக்கப் போனவர் எதற்கு விழுந்து புரண்டீர்கள் என்று. அவளிடம் கழுதையைக் காட்டினால் கழுதை என்று ஒத்துக்கொள்வாளா என்பதே சந்தேகம், உங்களுக்கு எதைப் பார்த்தாலும் வேறு எதுவோவாகத்தான் தெரியும் என்பாள், பாத்ரூம் சுவரின் ஈரக்கறையில் நான் ஒட்டகத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை. ஆனால் சென்ற மாதம் கண் டாக்டர் என் இடது கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுப் புரை விழ ஆரம்பிச்சிருக்கு, இப்ப அவசரமில்லை என்று சொன்னதிலிருந்து அவள் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வலது கண் இருக்கிறது, வலது கண்ணால்தான் கேமராவில் பார்க்கிறேன், எதற்குப் பயப்பட வேண்டும். கழுதைகளுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவியாக இருக்க வேண்டும், தொப்பியும் கவுனும் போட்டிருக்கிறாள், ஆனால் மூக்கில் மூக்குத்தி, கொத்தனாருக்கு அது இல்லாமல் ஒரு பெண்ணை முடிக்க மனசு வரவில்லை. கையில் குடை, அந்தக் குடை காற்றில் மடங்கிப் பின்பக்கமாகத் திரும்பிக் கோப்பைபோல் நிற்கிறது. மடங்கிய குடையை யாராவது காரையில் செய்வார்களா. ஒரு தடவை தெருவில் யாருடைய குடையோ மடங்கியதைப் பார்த்து ரசித்தவன்தான் செய்திருப்பான். நெஞ்சு அடித்துக்கொண்டது, படி ஏறிய படபடப்பு இன்னும் தீரவில்லையா அல்லது சந்தோஷமா, எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை, ஐம்பதைத் தாண்டியதிலிருந்து சந்தோஷம் வந்தால்கூட முதலில் பிரஷர் மாத்திரை போட்டோமா என்றுதான் யோசிக்கிறேன். போட்டேன். அப்படியென்றால் இது சந்தோஷம்தான். குடைக்காரியை முழுதாக எடுக்கப் பின்னால் நகர்ந்தேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், முதுகில் ஏதோ இடித்தது, திரும்பினால் பூக்கோசு.

பூக்கோசு என்றால் ஊருக்கே தெரியும். பூக்கோசு வீட்டுக்கு எதிர்ச் சந்து, பூக்கோசு வீட்டுப் பக்கத்து மருந்துக்கடை என்றுதான் போடியில் வழி சொல்வார்கள். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு சதுரத் தூணும் அதன் உச்சியில் உருண்டை உருண்டையாக வெள்ளைக் காரையும் தெரியும், காலிபிளவரேதான். ஏலக்காயோடு மலைக் காய்கறியும் விற்றார், அதனால் பூக்கோசை மாடியில் வைத்துக் கும்பிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. நானும் இருபது வருஷமாக அதைப் பூக்கோசாகத்தான் பார்த்திருக்கிறேன். சுருளியாண்டி இன்று இடிக்கப் போவதும் அதைத்தான், தூண் நல்ல கனம், அடிப்பாகத்தை மட்டும் விட்டுவிட்டு அதன் மேலே தொட்டியை ஏற்றிவிடலாமாம். ஆனால் அந்தத் தூணை இவ்வளவு பக்கத்தில், மாடியின் பக்கமிருந்து, நான் பார்த்ததே இல்லை. தூணின் மேல்விளிம்பு அடுக்கடுக்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, விளிம்புக்குள் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கறுப்புச் சாயம், மழையில் கரைந்துபோன மிச்சம். வாய்க்குள்ளிருந்துதான் பூக்கோசு வெளியே வருகிறது. கீழே ஒடுக்கமாக, பிறகு ஓர் உருண்டை, அதைவிடப் பெரிய உருண்டை, அதைவிடப் பெரியது, எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசி உருண்டை வால்போல மெலிந்து பறந்துபோக. பூக்கோசு எங்கேயாவது சாயுமா. பூக்கோசுக்குக் காம்பில் இலை இருக்க வேண்டாமா. நான் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றேன், மூணாறு பக்கம் துரைமார்கள் கட்டிய பங்களாக்களின் கூரையில் இதே தூணைப் பார்த்திருக்கிறேன், குளிருக்குக் கீழே கணப்பு எரியும், மேலே இது வழியாகப் புகை போகும். புகைபோக்கி. இந்த வெயில் ஊரில், கீழே கணப்பும் கிடையாது அடுப்பும் கிடையாது, வியாபாரி மலையில் பார்த்துவிட்டு வந்து எனக்கும் அது வேண்டும் என்று கேட்டிருக்கிறார், கொத்தனார் கட்டிவிட்டார், கட்டிவிட்டுப் பார்த்தால் அதிலிருந்து புகை வரவில்லை. அதனால் புகையையும் கட்டிவிட்டார்.

உரக்கச் சிரித்துவிட்டேன். இந்தத் தடவை யார் பார்த்தாலும் பரவாயில்லை. புகை. காரையில் புகை. எத்தனை சட்டி சுண்ணாம்பு, சாரத்தில் நின்று உருட்டி உருட்டி ஒட்டியிருப்பான், கீழேயிருந்து யாராவது என்னப்பா அது என்று கேட்டிருப்பார்கள், அவன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு புகைங்க என்றிருப்பான். பிறகு அவனும் செத்து, வியாபாரியும் செத்து, சொன்ன சொல்லும் போய், ஊர் அண்ணாந்து பார்த்துப் பூக்கோசு என்றுவிட்டது. ஒருவன் சொன்ன வேடிக்கை இத்தனை காலம் சிரிக்க ஆளில்லாமல் மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருந்திருக்கிறது, நான் இப்போதுதான் சிரித்தேன், நான் சிரித்து வாய் மூடுவதற்குள் அதை இடிக்க ஆள் வருகிறது. எடு, எடு என்று எனக்கே சொல்லிக்கொண்டு எடுத்தேன், கீழேயிருந்து, பக்கவாட்டில், வாயைச் சுற்றிய கறுப்பை மட்டும் தனியாக. எடுத்ததைத் திரையில் பார்த்தேன். பூக்கோசு. நன்றாகத் தெளிவாக விழுந்த பூக்கோசு. படத்தில் அது சாய்வது தெரியவில்லை, வெள்ளை வானத்துக்கு எதிரே வெள்ளை உருண்டைகள், காய்கறிக் கடைத் தட்டியில் வரையலாம். எனக்கு மட்டும்தான் புகையா. கண்ணில் பூ விழுந்தவன் பூக்கோசைப் பார்த்துப் புகை என்கிறான், இதைச் சொன்னால் இந்த மாரியம்மன் கோவில் தெருவே ஒரு வாரம் சிரிக்கும். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், புகை. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், இப்போது உண்மையிலேயே எல்லாமே புகை, குடைக்காரியும் புகை, மலையும் புகை. இரண்டையும் திறந்தேன். ஒருவேளை கொத்தனார் பூக்கோசைத்தான் செய்தானோ, சுண்ணாம்பு காய்வதற்குள் பாரத்தில் சாய்ந்துவிட்டதோ. அப்படிச் சாய்ந்திருந்தால் அடியில் வெடித்திருக்குமே. அடியில் தடவிப் பார்த்தேன், மழமழவென்று இருக்கிறது, வழித்து வழித்து வேண்டுமென்றே சாய்த்தது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். கிழக்கே. நேர் கிழக்கே. குடைக்காரியின் குடை மடங்கியிருப்பதும் கிழக்கே. அவனுக்குத் துரைமார்களின் பனியும் குளிரும் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது ஆடிக் காற்று, சீமைப் புகையைப் போடிக் காற்றில் பறக்கவிட்டிருக்கிறான். நான் நிற்கிற இதே காற்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். ஆனால் இதை எப்படிச் சொல்வது. அம்மா, உங்கள் பூக்கோசு கிழக்கே சாய்ந்திருக்கிறது, அதனால் அது புகை. சரிவராது. அம்மா, ஒரு வேண்டுகோள். வேண்டுகோள் என்ற சொல்லே வாயில் வராது எனக்கு. இதுவரை வாழ்க்கையில் யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லி நான் கேட்டதில்லை, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க என்பதற்கு மேல் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எனக்கென்ன, என் வீடா, என் தொட்டியா, விரிசலை எடுத்துவிட்டு இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இப்படி நினைத்துக்கொண்டேயும் நான் அந்தத் தூணுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன், தகரக் கதவு திறக்கிற சத்தம் கேட்டபோதும்.

சுருளியாண்டி முதலில் வந்தார், தோளில் சம்மட்டி, தலையில் துண்டு. பின்னால் கனகவேணியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு. "என்ன போட்டோக்காரரே, படம் புடிச்சாச்சா, பூக்கோசு நறுக்கலாமா" என்றார் சுருளியாண்டி. "கூட்டு வைக்கிறவரைக்கும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க." கனகவேணியம்மா, "அண்ணே, விரிசலெல்லாம் நல்லா விழுந்திருக்கா, அவன் போன் மேல போன் போடுறான்" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். தயாராக வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட அங்கே இல்லை. "அது பூக்கோசு இல்லம்மா" என்றேன். "பின்ன?" "புகை." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். காற்று கதவை அடித்துச் சாத்தியது. "எங்கண்ணே புகை, யார் வீட்டுலயாச்சும் எரியுதா" என்று அந்த அம்மா கைப்பிடிச் சுவர்ப் பக்கம் ஓடிப்போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். "இல்லம்மா, இதுதான், இந்தப் பூக்கோசுதான் புகை, அதாவது இந்தத் தூண் புகைபோக்கி, மலையில பங்களாவுல இருக்குமே அது, அதுலருந்து புகை வர்ற மாதிரி செஞ்சிருக்கான்." சொல்லும்போதே எனக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. சுருளியாண்டி சம்மட்டியை இறக்கி அதன் மேல் கையூன்றிக்கொண்டார். "அக்கா, இவுகளுக்கு வெறும் வயித்துல காத்து ஏறிருச்சு. ஒரு டீ குடுத்து அனுப்புங்க." கனகவேணியம்மா சிரிக்கவில்லை, கொஞ்சம் முறைப்பாகத்தான் இருந்தது. "கல்யாணமாகி வந்தப்ப பூக்கோசு வீட்டு மருமகள்னு இந்தத் தெருவே கேலி பண்ணுச்சு. ரெண்டு வருசம் நான் இந்த வீட்டுல காலிபிளவரே சமைக்கல. இப்ப வந்து அது இல்லங்கிறீங்க." "கேலிதாம்மா அது, ஆனா வேற கேலி" என்றேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, "சரி சுருளி, நீ வேலையப் பாரு" என்றார்.

சுருளியாண்டி துண்டை இறுக்கிக் கட்டினார். உள்ளங்கையில் எச்சில் தொட்டார். நான் விலக வேண்டும், விலகத்தான் செய்தேன், விலகும்போதே இன்னொரு படம் என்று தோன்றியது, இடிக்கிறதுக்கு முன்னால் ஒன்று, அதற்காவது உரிமை இருக்கிறதே. கைப்பிடிச் சுவரின் தெற்கு மூலைக்கு, நாயின் பக்கத்துக்கு ஓடினேன், திரும்பிக் கேமராவில் கண்ணை வைத்தேன். கட்டத்துக்குள் புகைபோக்கியும் புகையும், அதன் கீழே குறுக்கே கனகவேணியம்மா, காற்று அப்போது ஒரு வீச்சு வீசியது, அவருடைய நீலப் புடவையின் முந்தானை பிடி விட்டுப் போய் முழுநீளத்துக்குக் கிழக்கே பறந்தது, மேலே புகையும் அதே பக்கம், அதே சாய்வு, ஓர் அலை கீழே துணியில், ஓர் அலை மேலே சுண்ணாம்பில், உருண்டைக்கு உருண்டை, மடிப்புக்கு மடிப்பு. நான் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு, "மேஸ்திரி, நிறுத்துங்க" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று நான் யோசித்தது பிறகுதான், அந்த நேரம் யோசிக்க நேரமில்லை, சம்மட்டி தலைக்கு மேலே போயிருந்தது. சுருளியாண்டி அப்படியே நின்றார், மேலே தூக்கியதை ஓங்கி அடிக்கவும் முடியாமல் இறக்கவும் தோன்றாமல். நான் ஓடிப்போய்க் கேமராவை அந்த அம்மாவிடம் நீட்டினேன், கழுத்திலிருந்து வாரைக் கழற்ற மறந்துவிட்டேன், இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதாகிவிட்டது. சாரலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "என் சேலையா இது" என்றார். "ஆமா." "அது எந்தப் பக்கம் போகுதோ இதுவும் அந்தப் பக்கம் போகுது." அவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி மேலே பார்த்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தெருவிலிருந்து புது ஆள் பார்ப்பதுபோல. பிறகு வாயின் ஒரு ஓரம் ஆடியது. "ஏன் சுருளி, அடுப்பே இல்லாத எடத்துல ஒருத்தன் புகைய கட்டி வச்சிருக்கான்டா" என்றார், சொல்லி முடிக்க முடியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார், "புகையடா அது, புகை, நாங்க இத்தன வருசமா" என்று அதற்கு மேல் வராமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "தொட்டி, அக்கா" என்றார் சுருளியாண்டி. "தொட்டிய மாடிப்படி ரூமு மேல ஏத்து." "அங்கிட்டுன்னா பைப் ரொம்ப இழுக்கணுமே." "இழு. புகைக்கு மேல தொட்டி வச்சா அணைஞ்சிரும்ல." சுருளியாண்டி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணாந்து அதைப் பார்த்தார். சம்மட்டியைச் சுவரோரம் சாத்தினார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, சாரலில் நனைந்திருந்த தூணுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதை நோக்கி நீட்டித் தேய்த்துக்கொண்டார். "அப்பாடா, என்னா வெதுவெதுப்பு" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. கனகவேணியம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், அந்தச் சிரிப்பு சத்தமே இல்லாமல் தோளில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு முழங்காலை ஊன்றினேன், புகை முழுவதும் கட்டத்துக்குள் வருகிறது, ஆனால் மேஸ்திரியின் தலை தூணை மறைக்கிறது. "மேஸ்திரி, கொஞ்சம் இங்கிட்டு நகர்ந்து காயுங்க" என்றேன்.